கறுப்பு அங்கிக்குள் கூலியில்லா உழைப்பு

2024 அக்டோபர் 15 அன்று இந்திய பார் கவுன்சில் மாநில பார் கவுன்சில்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மூத்த வழக்கறிஞர்களிடமும் சட்ட நிறுவனங்களிடமும் பணியாற்றும் இளம் வழக்கறிஞர்களுக்கு நகர்ப்புறங்களில் மாதம் 20,000 ரூபாயும், ஊரகப் பகுதிகளில் 15,000 ரூபாயும் குறைந்தது மூன்றாண்டுக் காலம் உதவித்தொகையாக வழங்கப்பட வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. ஏழு மாதங்கள் கழிந்து, 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. உரிமையியல் நீதிபதிப் பதவியின் தொடக்க நிலைக்கு விண்ணப்பிக்க விரும்புவோர் மூன்றாண்டுக் காலம் வழக்கறிஞராகத் தொழில் நடத்தியிருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். மூன்றாண்டு உழைப்பு கட்டாயம். அந்த மூன்றாண்டுக்கான ஊதியம் வெறும் பரிந்துரை. முன்னதை மீறுபவர் நீதிபதித் தேர்வு எழுத முடியாது. பின்னதை மீறுபவருக்கு ஏதும் நேராது. இந்திய நீதித்துறையின் அடித்தளத்தில் உழைக்கும் இலட்சக்கணக்கான இளைஞர்களின் வாழ்நிலை, இந்த இரு ஆவணங்களுக்கும் இடைப்பட்ட வெளியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

விதி சட்டக் கொள்கை மையம் 2020 இல் வெளியிட்ட ஆய்வு ஏழு உயர் நீதிமன்றங்களைச் சார்ந்த வழக்கறிஞர்களிடம் நடத்தப்பட்டது. இரண்டாண்டுக்கும் குறைவான அனுபவம் உடையவர்களில் 79 விழுக்காட்டினர் மாதம் 10,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டுகின்றனர் என்று அது தெரிவித்தது. இது உயர் நீதிமன்ற நகரங்களின் நிலை. மாவட்ட, வட்ட நீதிமன்ற வளாகங்களில் பேருந்துச் செலவுக்கும் மதிய உணவுக்கும் மூத்தவரின் சட்டைப்பையை எதிர்பார்த்து நிற்கும் ஜூனியர்கள் எந்தக் கணக்கெடுப்பிலும் முழுமையாக இடம்பெறுவதில்லை.

இரு சந்தைகள்

சட்டத் தொழிலின் வேலைச் சந்தை இந்தியாவில் இரண்டாகப் பிளவுண்டு கிடக்கிறது. ஒருபுறம் மும்பை, தில்லி, பெங்களூரு ஆகிய நகரங்களின் பெரும் சட்ட நிறுவனங்கள். 1987 இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட முதல் தேசியச் சட்டப் பள்ளியைப் பின்பற்றி இன்று இருபதுக்கும் மேற்பட்ட தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் இயங்குகின்றன. அவற்றுள் முன்வரிசையில் உள்ள சிலவற்றின் வளாகங்களுக்கே சென்று இந்நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன. அங்கே முதலாண்டு அசோசியேட் ஒருவர் பெறும் ஆண்டு வருமானம் பதினைந்து இலட்சம் ரூபாயைத் தாண்டுவதும் உண்டு. நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில். ஆண்டுக் கட்டணம் இலட்சங்களில். அந்த வாயிலில் நுழைபவர் யார் என்பது பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலேயே முடிவாகிவிடுகிறது.

மறுபுறம், மாநில அரசுச் சட்டக் கல்லூரிகளிலும் சிறுநகரத் தனியார் கல்லூரிகளிலும் பயின்று, கட்டாக், இந்தூர், கௌஹாத்தி, கொச்சி, திருச்சி என மாநிலங்களின் நகரங்களிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் தொழில் தொடங்குவோர். நாட்டின் மாவட்ட நீதிமன்றங்களில் நான்கரைக் கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளன. அந்த வழக்குகளை நாள்தோறும் நகர்த்துபவர்கள் இவர்களே. வக்காலத்து தாக்கல் செய்வது, வாய்தா கேட்பது, சான்றிட்ட நகலுக்கு மனுச் செய்வது, சாட்சியை அழைத்து வந்து அமரவைப்பது, இரவில் வாதுரை தட்டச்சு செய்வது ஆகிய அனைத்தும் அவர்கள் தோளில்தான். பெருநிறுவனங்களும் மாவட்டத்தில் ஒரு வழக்கு வரும்போது உள்ளூர் வழக்கறிஞரைத்தான் நாடுகின்றன. அந்த உள்ளூர் வழக்கறிஞர் தம் ஜூனியரை நாடுகிறார். கட்சிக்காரர் செலுத்திய கட்டணம் ஒவ்வொரு படியிலும் சுருங்கி, கடைசிப் படியில் பல வேளைகளில் ஒன்றுமில்லாமற் போகிறது.

மாநில நகரங்களில் சட்ட வேலை குறைந்துவிட்டது என்று எவரும் சொல்ல முடியாது. 2016 இன் திவால் சட்டத்தையொட்டித் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் அமர்வுகள் அகமதாபாத், சண்டிகர், ஜெய்ப்பூர், கொச்சி, கட்டாக் முதலிய நகரங்களில் இயங்குகின்றன. வணிக நீதிமன்றச் சட்டத்தின் கீழ் ஒரு கோடி ரூபாயாக இருந்த வழக்கு மதிப்பின் கீழ்வரம்பு 2018 இல் மூன்று இலட்சமாகக் குறைக்கப்பட்டது. காசோலை மோசடி வழக்குகளும், 2002 இன் சர்பாசி சட்டத்தின் கீழ் வங்கிகள் அனுப்பும் நோட்டீசுகளும் குவிகின்றன. வேலை பெருகியிருக்கிறது, ஆனால் எவருக்கான வேலை? கடன் கொடுத்தவருக்கான வேலை. வங்கியும் நிதி நிறுவனமும் வழக்கறிஞர் பட்டியல் வைத்துள்ளன. பட்டியலில் இடம்பெற்ற அலுவலகம், நோட்டீசுக்கு இவ்வளவு, மனுவுக்கு இவ்வளவு என்ற எண்ணிக்கைக் கணக்கில் ஜூனியர்களைக் கொண்டு வேலை முடிக்கிறது. பீடி சுற்றுவோருக்கும் ஆயத்த ஆடைத் தொழிலாளருக்கும் பழக்கமான பீஸ்ரேட் முறைதான் இது. பீடித் தொழிலாளிக்கேனும் நீண்ட போராட்டத்தின் பயனாகத் தனிச் சட்டம் ஒன்று கிடைத்தது.

இதே காலத்தில் உழைப்பவர் பக்கமிருந்து வரும் வழக்கு வேலை ஒடுங்குகிறது. 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், நிலையாணைகளுக்கும் ஆட்குறைப்பு அனுமதிக்குமான வரம்பை 300 தொழிலாளர்களாக உயர்த்திவிட்டன. சிறு, நடுத்தர ஆலைகளின் தொழிலாளர்கள் சட்டக் காப்பின்றி விடப்படும்போது, அவர்களுக்காக வாதாடும் தொழிலும் நலிகிறது. மாதம் பத்தாயிரம் கூடக் கிடைக்காத இளம் வழக்கறிஞர் வங்கிப் பட்டியலுக்குப் போவாரா, தொழிற்சங்க வழக்குக்கு வருவாரா என்பதை அவருடைய கொள்கை மட்டுமே தீர்மானிப்பதில்லை. வீட்டு வாடகையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

தொழிலாளர் எனும் பெயர் மறுக்கப்பட்டவர்

மருத்துவரையும் வழக்கறிஞரையும் கவிஞரையும் முதலாளித்துவம் தன் கூலி உழைப்பாளர்களாக மாற்றிவிட்டதை 1848 இலேயே கம்யூனிஸ்ட் அறிக்கை சுட்டிக்காட்டியது. இந்தியாவில் இதற்கு ஒரு விசித்திரமான பின்னிணைப்பு உண்டு. மூலதனம் வழக்கறிஞரைக் கூலி உழைப்பாளராக்கியது. ஆனால் தொழில் விதிகள் அவரை அவ்வாறு அழைக்க மறுக்கின்றன.

இந்திய பார் கவுன்சில் விதிகளின் 49 ஆம் விதி, தொழில் நடத்தும் வழக்கறிஞர் எவரும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கலாகாது என்கிறது. வழக்கறிஞரின் சுயேச்சையைக் காப்பதே இதன் நோக்கம் எனப்படுகிறது. நடைமுறையில் இது யாருக்கு உதவுகிறது? காலை ஒன்பது முதல் இரவு பத்து வரை ஒரே அலுவலகத்தில், ஒரே மேலாளரின் கட்டளைப்படி, விடுப்புக்கு அனுமதி கேட்டு வேலை செய்யும் அசோசியேட் ‘ஊழியர்’ ஆவதில்லை. அவருக்குத் தருவது ‘தொழில்முறைக் கட்டணம்’ எனக் கணக்கெழுதப்பட்டு, அதிலிருந்து 10 விழுக்காடு வரி பிடிக்கப்படுகிறது. வருங்கால வைப்புநிதி, ஈ.எஸ்.ஐ., பணிக்கொடை, ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு ஆகியவற்றைக் கேட்டுப் பெறும் நிலையில் அவர் இல்லை. செயலி வழி உணவு கொண்டுசெல்லும் இளைஞரை ‘பங்குதாரர்’ என்று அழைப்பதற்கும், அசோசியேட்டைச் ‘சுயேச்சையான தொழில்முறையாளர்’ என்று அழைப்பதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. இருவருக்கும் மரியாதையான பெயர் கிடைக்கிறது, உரிமை கிடைப்பதில்லை.

வேறு வேலை செய்து பிழைக்கவும் வழி குறைவு. சட்டம் கற்பித்தல் போன்ற சில விலக்குகளைத் தவிர, பிற வேலைகளை வழக்கறிஞர் மேற்கொள்வதை விதிகள் கட்டுப்படுத்துகின்றன. பகுதிநேர இதழியலுக்குக் கூட அனுமதியில்லை என்று 2024 டிசம்பரில் பார் கவுன்சில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஊதியமும் தரமாட்டோம், வேறிடத்தில் ஈட்டவும் விடமாட்டோம் என்பதே இவ்விரண்டின் கூட்டுப் பொருள்.

மற்றத் தொழில்களின் நிலையோடு ஒப்பிட்டால் இது மேலும் விளங்கும். மருத்துவப் பட்டதாரி பயிற்சி மருத்துவராக இருக்கும் காலத்தில் உதவித்தொகை பெறுகிறார். பட்டயக் கணக்காளரிடம் பயிற்சி பெறுபவருக்கு நகரின் மக்கள்தொகைக்கேற்ப ஒரு குறைந்தபட்சத் தொகை ஒழுங்குமுறைகளால் வரையறுக்கப்பட்டுள்ளது. ஆலையில் தொழில் பழகுநருக்கு 1961 இன் தொழில் பழகுநர் சட்டம் உண்டு. அதே 1961 இல் இயற்றப்பட்ட வழக்கறிஞர்கள் சட்டம் இளம் வழக்கறிஞரின் ஊதியம் குறித்து ஒரு சொல்லும் உரைக்கவில்லை. பதிவுக்கு முன் ஓராண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கப் பார் கவுன்சில் 1995 இல் கொண்டுவந்த விதிகளும், கவுன்சிலின் அதிகார வரம்பை மீறியவை என்று 1999 இல் உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டன. ஆகவே, சீனியரிடம் தொழில் கற்கும் இந்தக் காலத்துக்குச் சட்டப்படி ஒரு பெயர் கூட இல்லை.

இந்த வாதம் நீதிமன்றத்துக்குப் புதியதன்று. சட்ட ஆலோசகர் நிறுவனம் ஒரு ‘தொழில்’ ஆகாது என்று 1962 இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன் ஊழியர்கள் தொழில் தகராறுச் சட்டத்தின் வெளியே தள்ளப்பட்டனர். 1978 பிப்ரவரியில் பெங்களூர் குடிநீர் வழங்கல் வாரிய வழக்கில், ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த நிலைப்பாட்டை மாற்றியது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர், கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் சட்ட அமைச்சராகப் பணியாற்றியவர். அறிவுத் தொழில் என்பதனாலேயே ஒரு நிறுவனம் தொழிலாளர் சட்டத்தினின்று தப்பிவிட முடியாது என்பதும், ஓரிரு உதவியாளரை மட்டும் வைத்திருக்கும் சிறு அலுவலகத்தை அதே கோலால் அளக்கலாகாது என்பதும் அத்தீர்ப்பில் ஒருங்கே காணப்படும் தெளிவுகள். தீர்ப்பின் வரையறையை மறுபரிசீலிக்கும் பொருட்டு 2017 இல் வழக்கு ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அந்த வரையறை எத்திசையில் திருத்தப்பட்டாலும், பெரும் நிறுவனத்தையும் சிறு சேம்பரையும் பிரித்தறியும் அந்தப் பார்வை இன்றைய கோரிக்கைகளுக்கும் வழிகாட்டும்.

கணக்கில் வராத மொழிபெயர்ப்பு

மாவட்ட நீதிமன்ற ஜூனியரின் உழைப்பில் பெரும்பகுதி எவர் கண்ணிலும் படாதது. அதில் முதன்மையானது மொழிபெயர்ப்பு. விசாரணை நீதிமன்றத்தில் சாட்சியம் தமிழிலோ கன்னடத்திலோ ஒடியாவிலோ மராத்தியிலோ பதிவாகிறது. பத்திரங்கள், வருவாய் ஆவணங்கள், காவல் நிலையப் பதிவேடுகள் யாவும் மாநில மொழியில். அரசியலமைப்பின் 348 ஆவது உறுப்பு உயர் நீதிமன்ற நடவடிக்கைகளின் மொழியாக ஆங்கிலத்தை வைத்திருக்கிறது. விலக்குப் பெற்ற இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கிலும் அனுமதிக்கப்பட்டது இந்தி. தமிழுக்காகத் தமிழ்நாடு சட்டமன்றம் 2006 இல் நிறைவேற்றிய தீர்மானம் ஏற்கப்படவில்லை. எனவே ஒவ்வொரு மேல்முறையீட்டுக்கும் ஆவணக் கட்டு முழுவதும் ஆங்கிலமாக வேண்டும். அதைச் செய்பவர் பெரும்பாலும் ஜூனியர். செய்யும் நேரம் இரவு. கூலி பெரும்பாலும் ஏதுமில்லை.

இது எளிய வேலையன்று. கிரயப் பத்திரத்தில் ‘அனுபவம்’ என்று எழுதியிருந்தால், நிலத்தைக் கையில் வைத்து ஆண்டு வருதல் என்று பொருள். அதைப் பட்டறிவு என்று எடுத்துக்கொண்டு ஆங்கிலப்படுத்தினால், உடைமை குறித்த வழக்கே திசைமாறிவிடும். ‘பாத்தியதை’, ‘போக்கியம்’, ‘சுவாதீனம்’ என ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு குடும்பத்தின் நிலம் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் சுவாஸ் எனும் மொழிபெயர்ப்பு மென்பொருளை அறிமுகப்படுத்தியது. தீர்ப்புகள் மக்கள் மொழிக்கு வருவது வரவேற்கத்தக்கதே. ஆனால் இயந்திரம் தரும் வரைவைச் சொல் சொல்லாகச் சரிபார்க்க, சட்டமும் மொழியும் அறிந்த மனிதர் வேண்டும். இயந்திரம் வந்துவிட்டது என்று கூறி மொழிபெயர்ப்புக்கான சொற்பக் கூலியையும் வெட்டிவிட்டு, பிழைதிருத்தும் பொறுப்பை மட்டும் ஜூனியரின் தலையில் சுமத்தும் போக்கு தொடங்கினால், அதன் விலையைக் கொடுப்பவர் நிலம் இழக்கும் ஏழை மேல்முறையீட்டாளர்.

தாக்குப்பிடிப்பவர் யார்?

ஊதியமில்லாத மூன்றாண்டை யாரால் கடக்க முடியும்? தந்தை வழக்கறிஞர் எனில் முடியும். சொந்த வீடும் நிலமும் இருந்தால் முடியும். கூலித் தொழிலாளியின் மகனுக்கும், முதல் தலைமுறைப் பட்டதாரியான தலித் பெண்ணுக்கும், ஊரை விட்டு வந்து விடுதியில் தங்கும் பழங்குடி இளைஞருக்கும் அது முடிவதில்லை. அவர்கள் ஓராண்டில், ஒன்றரையாண்டில் கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டு வங்கித் தேர்வுக்கோ தனியார் நிறுவனத்துக்கோ போய்விடுகிறார்கள். எவரும் அவர்களை நீக்கவில்லை. இடஒதுக்கீட்டை எதிர்த்து எவரும் வழக்குத் தொடுக்கவும் இல்லை. ஆயினும் வடிகட்டல் நடந்து முடிந்துவிடுகிறது.

2018 முதல் நியமிக்கப்பட்ட உயர் நீதிமன்ற நீதிபதிகளில் நான்கில் மூன்று பங்கினருக்கும் மேற்பட்டோர் பொதுப் பிரிவினர் என்பதை ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறது. நாட்டின் ஏறத்தாழ 17 இலட்சம் வழக்கறிஞர்களில் பெண்கள் 15 விழுக்காட்டினரே என்று 2021 இல் அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா குறிப்பிட்டார். கொலீஜியம் பற்றியும் நீதிபதி நியமனம் பற்றியும் நாம் நிறையப் பேசுகிறோம். கொலீஜியத்தின் மேசைக்குப் பெயர்கள் வந்து சேர்வதற்கு இருபதாண்டுகள் முன்னரே, ஒரு மாவட்ட நீதிமன்றத்தின் படிக்கட்டில் பல பெயர்கள் உதிர்ந்துவிடுகின்றன என்பதையும் பேச வேண்டும்.

இந்தப் பின்னணியில்தான் 2025 மே மாதத் தீர்ப்பைக் காண வேண்டும். அதற்கு ஒரு நியாயம் இல்லாமலில்லை. நீதிமன்ற அனுபவமே இல்லாத இளம் பட்டதாரி நேரே நீதிபதி இருக்கையில் அமர்வதால் ஏற்படும் இடர்களைப் பல உயர் நீதிமன்றங்கள் எடுத்துரைத்தன. 1993 இல் விதிக்கப்பட்டு, ஷெட்டி ஆணையத்தின் பரிந்துரையையொட்டி 2002 இல் விலக்கப்பட்ட நிபந்தனைதான் மீண்டும் வந்துள்ளது. சட்ட எழுத்தராகப் பணியாற்றிய காலத்தையும் சேர்த்துக்கொள்ள அத்தீர்ப்பு இடமளிக்கிறது. ஆனால் தொடக்க நிலை நீதிபதிப் பதவியே, செல்வாக்கும் குடும்பப் பின்புலமும் இல்லாத பட்டதாரி தேர்வு எழுதி அடையக்கூடிய படியாக இருந்தது; இடஒதுக்கீடு செயல்படும் படியும் அதுவே. அந்தப் படிக்கு முன்னால் மூன்றாண்டு ஊதியமின்மை ஒரு சுங்கச்சாவடியாக நிறுத்தப்பட்டுவிட்டது.

மேலும், அனுபவச் சான்றினை முதன்மை நீதித்துறை அலுவலரோ பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞரோ அளிக்க வேண்டும். வழக்கறிஞர் அளித்தால் அதற்கு நீதித்துறை அலுவலர் மேலொப்பமிட வேண்டும். ஊதியம் தராத சீனியரின் கையெழுத்தே ஜூனியரின் எதிர்காலம் என்றாகும்போது, ஊதியம் கேட்கும் நா எழுமா? பாலியல் தொந்தரவுக்கு ஆளான பெண் ஜூனியர் புகார் கொடுக்கத் துணிவாரா? சான்றுக்காக மூன்றாண்டு காத்திருப்பவரின் மௌனத்தைத் தொழில் மரபு என்றோ குரு பக்தி என்றோ போற்றிக்கொண்டிருக்க முடியாது.

நுழைவுக் கட்டணம் குறித்து நீதிமன்றமே வேறு விதமாகச் சிந்தித்திருக்கிறது. 2024 ஜூலை 30 அன்று, வழக்கறிஞர் பதிவுக்குச் சட்டம் வரையறுத்த தொகையாகிய பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய் என்பதற்கு மேல் மாநில பார் கவுன்சில்கள் வசூலிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒடிசாவில் அத்தொகை நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. உயர்ந்த கட்டணம் விளிம்புநிலை மக்களைத் தொழிலினின்று விலக்குகிறது என்று அன்று நீதிமன்றம் கண்டது. நாற்பதாயிரம் ரூபாய்க் கட்டணம் சமத்துவத்துக்கு எதிரானது என்றால், முப்பத்தாறு மாத ஊதியமின்மை எதற்குச் சார்பானது?

சீனியரால் கொடுக்க இயலுமா?

இங்கே ஒரு நேர்மையான எதிர்க்கேள்வி எழும். வட்டத் தலைநகரில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் வைத்துத் தொழில் நடத்தும் சீனியர், மாதம் 15,000 ரூபாயை எங்கிருந்து கொடுப்பார்? ஜீவனாம்ச வழக்குக்கும் சிறு நில வழக்குக்கும் வரும் கட்சிக்காரரிடம் அவர் பெறுவதே குறைவு. கட்டாயச் சட்டம் வந்தால் அவர் ஜூனியரையே வைத்துக்கொள்ளாமல் விடலாம். முதலில் வாசல் மூடப்படுவது ஏழை ஜூனியருக்குத்தான். பார் கவுன்சிலின் சுற்றறிக்கையும் சிறு ஊர் வழக்கறிஞர்களின் பொருளாதார வரம்பை ஒப்புக்கொண்டே எழுதப்பட்டது. ஜூனியர்களை அடிமைகள் போல நடத்தலாகாது என்று 2022 நவம்பரில் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் கேட்டுக்கொண்டதும், 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் பிற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் வழங்கச் சுற்றறிக்கை அனுப்புமாறு தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலைப் பணித்ததும் மதிக்கத்தக்கவை. எனினும் இவை அனைத்தும் சீனியரின் மனச்சாட்சியை நோக்கிப் பேசுகின்றன. அரசின் கருவூலத்தை நோக்கிப் பேசவில்லை.

கேள்வி நிற்க வேண்டிய இடம் கருவூலத்தின் வாசல். நீதிமன்றக் கட்டணம் அரசுக்குப் போகிறது. வழக்குகள் நகர்வதால் விளையும் சமூகப் பயன் அரசுக்கு உரியது. நாளைய நீதிபதிகளுக்கான பயிற்சியை அரசு இலவசமாகப் பெற்றுக்கொள்கிறது. அப்பயிற்சியின் செலவை இன்று தாங்குவது ஜூனியரின் தாய் தந்தையர். அச்செலவைப் பொதுச் செலவாக்க வேண்டும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கற்பனையன்று. கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு 2018 இல், மூன்றாண்டுக்கும் குறைவான அனுபவமுள்ள, வருமானம் குறைந்த இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வழங்க ஆணையிட்டது. ஆந்திரப் பிரதேச அரசு 2019 டிசம்பரில் மாதம் 5,000 ரூபாய்த் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் 2020 இல் 3,000 ரூபாய் உதவி அறிவிக்கப்பட்டது. இவற்றின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. கேரளத்தில் ஆணைக்கும் செயலாக்கத்துக்கும் இடையே ஆண்டுகள் கழிந்தன. தொகையும் பின்னர் 3,000 ரூபாய் வரை எனச் சுருங்கியது. நமது முன்னணியின் அரசே ஆனாலும் இதைப் போதுமெனச் சொல்ல இயலாது. எந்த மாநிலமாயினும், சட்டத்தில் வேரூன்றாத திட்டம் ஆட்சியாளரின் கொடையாகவே நீடிக்கும். கொடையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம்.

அரசு வழக்கறிஞருக்கு மாத ஊதியம் தர முடியும் என்பதற்கு மற்றொரு சான்று நடைமுறையிலேயே இருக்கிறது. தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2022 இல் விரிவுபடுத்திய சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டத்தின் கீழ், ஏழைக் குற்றஞ்சாட்டப்பட்டோருக்காக மாவட்டந்தோறும் தலைமை, துணை, உதவி வழக்கறிஞர்கள் முழுநேரப் பணியில் அமர்த்தப்படுகின்றனர். உதவி வழக்கறிஞர் நிலையில் புதியவர்களுக்கும் இடமுண்டு. சிறு மாவட்டங்களில் இளம் வழக்கறிஞருக்கு நிலையான மாத வருவாய் தரும் அரிய வாயில் இது. ஆனால் பணி, ஒப்பந்த அடிப்படையில் இரண்டாண்டுக்கே. தனி வழக்கு நடத்தத் தடை. நீட்டிப்பு அதிகாரிகளின் மதிப்பீட்டைப் பொறுத்தது. தூய்மைப் பணியாளர் முதல் பேராசிரியர் வரை ஒப்பந்த முறைக்குள் தள்ளிய ஒன்றிய அரசின் கொள்கை, ஏழைகளின் வழக்கறிஞரையும் விட்டுவைக்கவில்லை.

நமது பணி

2025 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வழக்கறிஞர்கள் சட்டத் திருத்த வரைவை வெளியிட்டது. நீதிமன்றப் புறக்கணிப்பைத் தடைசெய்யும் பிரிவு அதில் இருந்தது. நாடெங்கும் வழக்கறிஞர்கள் வீதிக்கு வந்தனர். பத்து நாள்களுக்குள் அரசு பின்வாங்கியது. வழக்கறிஞர் சமூகத்தின் ஒன்றுபட்ட ஆற்றலுக்கு இது அண்மைச் சான்று. அதே ஆற்றல் ஜூனியரின் ஊதியத்துக்காக ஏன் ஒருநாளும் திரளவில்லை என்ற கேள்வியை வழக்கறிஞர் சங்கங்கள் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். பல சங்கங்களின் பொறுப்பில் இருப்பவர்கள் சீனியர்கள். அவர்களுள் முற்போக்காளரும் உளர். சுரண்டலை எதிர்த்து மேடையில் முழங்கிவிட்டு, மாலையில் தம் ஜூனியரை வெறுங்கையுடன் அனுப்புவது எவ்வகையிலும் பொருந்தாது.

நமக்கும் இதில் பங்குண்டு. மறியலில் கைதான தோழர்களைப் பிணையில் எடுக்க, தொழிற்சங்கப் பதிவுக்கு, குடிமனைப் பட்டாவுக்கு என நாம் நாடுவது பெரும்பாலும் நம்மிடையே உள்ள இளம் வழக்கறிஞர்களை. அவர்கள் கணக்குப் பார்க்காமல் வருகிறார்கள். அவர்களின் பயணச் செலவைக்கூட நாம் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம். இயக்கத்துக்கான தொண்டு உயர்ந்தது. ஆனால் தொண்டு செய்பவர் ஐந்தாண்டில் வங்கிப் பட்டியலுக்குப் போய்ச் சேர்ந்தால், இழப்பு அவருக்கு மட்டுமன்று. இன்றுள்ள தொழிலாளர் பக்க வழக்கறிஞர்கள் ஓய்வு பெற்றபின் அந்த மேசையில் அமரப் போகிறவர் யார் என்பது ஒவ்வொரு மாவட்டக் குழுவும் எண்ண வேண்டிய கேள்வி. குறைந்தபட்சம், தொழிற்சங்க வழக்குகளில் ஜூனியருக்கெனத் தனித் தொகையை முன்கூட்டியே வரையறுத்து வழங்கும் பழக்கத்தை நமது அமைப்புகள் தொடங்க வேண்டும். பிறரிடம் கோருவதை முதலில் நாம் செய்து காட்டுவோம்.

கோரிக்கைகள் தெளிவானவை. முதல் மூன்றாண்டுக்கான உதவித்தொகையைச் சட்டப்பூர்வ உரிமையாக்கி, ஒன்றிய, மாநில அரசுகள் பகிர்ந்து, நேரடியாக ஜூனியரின் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். பார் கவுன்சில் பரிந்துரைத்த தொகைக்கு அது குறையக் கூடாது. பெரும் சட்ட நிறுவனங்களின் அசோசியேட்டுகளை ஊழியர்களாக ஏற்று, வைப்புநிதி, மகப்பேறு விடுப்பு, வேலைநேர வரம்பு ஆகியவற்றை வழங்கும் வகையில் 49 ஆம் விதி திருத்தப்பட வேண்டும். எந்த அலுவலகமாயினும் பணி தொடங்கும் நாளிலேயே எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் தரப்பட வேண்டும். நீதிபதித் தேர்வுக்கான அனுபவம், சீனியரின் கையெழுத்தைச் சார்ந்திராமல், வக்காலத்து, ஆஜர் பதிவேடுகளின் அடிப்படையில் நீதிமன்றத்தாலேயே சான்றளிக்கப்பட வேண்டும். சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் பணியிடங்கள் இடஒதுக்கீட்டுடன் நிரந்தரமாக்கப்பட வேண்டும். நீதிமன்ற ஆவண மொழிபெயர்ப்புக்குப் பக்கக் கணக்கில் கூலி வரையறுக்கப்பட வேண்டும். ஒவ்வொரு வழக்கறிஞர் சங்கத்திலும் 2013 இன் சட்டத்தையொட்டிய புகார்க் குழு இயங்க வேண்டும்.

வேலையின்மையை எதிர்த்தும் கல்வி வணிகமயத்தை எதிர்த்தும் போராடும் வாலிபர், மாணவர் அமைப்புகள் சட்டக் கல்லூரி வாயில்களில் இக்கோரிக்கைகளைக் கொண்டுசெல்ல வேண்டும். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் நமது உறுப்பினர்கள் இதனைத் தனி மசோதாவாக எழுப்ப வேண்டும். வழக்கறிஞர் அரங்கில் செயல்படும் தோழர்கள் வரும் பார் கவுன்சில், வழக்கறிஞர் சங்கத் தேர்தல்களில் ஜூனியரின் ஊதியத்தை முதற்கோரிக்கையாக முன்வைக்க வேண்டும். நீதிமன்றத்துக்கு வரும் விவசாயத் தொழிலாளியின் துயரத்தை, அவரைப் போன்ற வீட்டிலிருந்து வந்தவர் இருக்கையில் அமர்ந்து கேட்கும் நாள், அவ்வீட்டுப் பிள்ளைகள் இந்த மூன்றாண்டைப் பட்டினியின்றிக் கடந்தால்தான் வரும்.